தூர்ந்த நீர்வழி: அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும் கரையோர ஊர்களும்

தேங்காய்ப்பட்டணத்துக்கு வழி கேட்போருக்கு இன்று காட்டப்படுவது தார்ச்சாலை. மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறிப் புதுக்கடை வழியாகச் சென்றால் சாலை கடலை நோக்கி இறங்கி ஊரில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆயினும் இவ்வூரின் நெடிய வரலாற்றில் சாலை மிகப் பிந்தி வந்த ஒன்று. முன்னோர் இங்கு வந்தது நீர்வழியாகவே. முன்னே கடல், உள்நாட்டிலிருந்து குழித்துறையாறு, கரையை ஒட்டிக் காயலும் சதுப்பும், அவற்றை இணைத்து வெட்டப்பட்ட கால்வாயும். இவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனார் அவர்களின் குழுவினரோடு தொடர்புபடுத்தும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அதனை உறுதியான வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. எனினும் அக்கதையிலும் வந்தவர்கள் மரக்கலத்தில் வந்தவர்களே என்பது நோக்கத்தக்கது.

அந்நீர்வழிகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அதன் பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். மக்கள் வழக்கில் ஏ.வி.எம். கால்வாய். நீண்ட தொலைவுக்கு அது இன்று கோரையும் ஆகாயத்தாமரையும் மூடிக் கிடக்கிறது. நீர் தெரியும் இடங்களைக் காட்டிலும் தெரியாத இடங்களே மிகுதி.

மேற்குக் கரையில் நீர்வழிப் பயணம் எத்துணைப் பழைமையானது என்பதற்கு இப்னு பதூதாவின் பயண நூலே போதிய சாட்சி. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதாவது கி.பி. 1340களின் தொடக்கத்தில், அவர் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்குத் தரைவழியை விடுத்து நீர்வழியே சென்றார். பத்து நாள் பயணம். மாலையில் கரையேறி அருகிலிருந்த ஊரில் தங்குவதும் காலையில் மீண்டும் படகுக்குத் திரும்புவதுமாக அப்பயணம் அமைந்தது. தம் விரிப்பைச் சுமக்க அவர் அமர்த்திய ஆள் கரையில் இறங்கியதும் குடித்துவிட்டுத் தம்மோடு சச்சரவிட்டதையும் அவர் மறவாமல் பதிந்து வைத்திருக்கிறார். நமக்கு முதன்மையானது வேறொரு செய்தி: பத்து நாள் படகோட்டிச் செல்லத்தக்க நீர்வழி, இரவு தங்க ஊர், இறங்கத் துறை ஆகிய அனைத்தும் அன்று இயல்பாகவே அமைந்திருந்தன. எவரும் பராமரிக்காத வழியில் பத்து நாள் பயணம் நிகழாது.

ஆனால் கொல்லத்துக்குத் தெற்கே இயற்கை அவ்வாறு இடந்தரவில்லை. வர்க்கலையில் குன்று கடலை முட்டி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு இத்தடைகளை ஒவ்வொன்றாகக் கடக்க முனைந்தது. திருவனந்தபுரத்தை வடக்குக் காயல்களோடு இணைக்கும் பார்வதி புத்தனாறு 1820களில் வெட்டப்பட்டது. வர்க்கலைக் குன்றைக் குடைந்த இரு சுரங்கங்களும் 1880இல் முற்றுப்பெற்றன. இவ்விரு பணிகளுக்கும் இடைப்பட்ட 1860ஆம் ஆண்டில், உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மன்னரின் ஆட்சி முடிவுறும் வேளையில் தொடங்கப்பட்டதே நம் கால்வாய். அப்போது திவான் டி. மாதவராவ். பெயரில் மூவர் இருக்கின்றனர். அனந்தன் திருவனந்தபுரத்து இறைவன், விக்டோரியா பிரித்தானிய அரசி, மார்த்தாண்டன் மன்னர். 1851ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சிக்கென அரசிக்குத் தந்த சிம்மாசனம் ஒன்றை அனுப்பியவரும் இம்மன்னரே என்பதை எண்ணினால் அப்பெயர் வியப்பளிக்காது.

திட்டம் பெரிது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி அமைப்பதே நோக்கம். நாஞ்சில்நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அதன் தென்விளிம்பில் பழையாறு கடல் சேரும் மணக்குடிக் காயல் உள்ளது. கால்வாய் இராஜாக்கமங்கலம், மணக்குடி வழியாக முனையைத் தொட்டிருக்குமாயின் நாஞ்சில்நாட்டு நெல் மாட்டுவண்டியின்றித் தலைநகர் சென்றிருக்கும். அது நிகழவில்லை. கால்வாய் பூவாற்றில் தொடங்கி மண்டைக்காட்டோடு நின்றுவிட்டது. வடக்கேயும் கோவளம், விழிஞ்ஞம் பகுதியின் பாறை மேட்டைக் கடந்து பூவாறோடு இணைக்கும் வேலை நிறைவேறவில்லை. தலையும் இன்றி வாலும் இன்றி நடுவுடல் மட்டும் கொண்ட ஒரு நீர்வழி அது. அதன் பிற்கால அவலத்துக்கு இதுவே முதல் காரணம் என்பது நம் கருத்து.

அந்த நடுவுடல் செல்லும் நிலத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். பூவாற்றில் நெய்யாறு கடல் சேர்கிறது. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தருகே கடல் சேர்கின்றன. இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடையே கடலுக்கு இணையாக ஒரு மணல் திட்டும் அதன் பின்னே தாழ்ந்த சதுப்பும் கிடக்கின்றன. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை ஆகிய மீனவ ஊர்கள் அத்திட்டின்மேல் நெருங்கி அமைந்தவை. ஒருபுறம் கடல், மறுபுறம் கால்வாய். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மழையில் ஆறு பெருகி அதனை உடைக்கும். உடையாவிடில் ஆட்கள் கூடிப் பொழி வெட்டிவிடுவர். குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரு பருவமழை. ஆகவே இருமுறை வண்டல் வரும். இருமுறை களை தழைக்கும். ஒருமுறை வெட்டிவிட்டுக் கைவிடத்தக்க கால்வாயன்று இது.

பூவாறு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் என்னும் மூன்றும் பழைய முஸ்லிம் குடியிருப்புகள். மூன்றும் இந்நீர்வழியை ஒட்டியே அமைந்துள்ளன. கால்வாய் வெட்டப்படுமுன்னரே கடல்வணிகத்தால் வளர்ந்த ஊர்கள் இவை. உள்நாட்டின் தேங்காயும் கயிறும் கருப்பட்டியும் கரைக்கு வரவேண்டும். கரையின் கருவாடும் உப்பும் உள்ளே போகவேண்டும். இத்தகைய சரக்குக்கு வள்ளத்தினும் மலிவான ஊர்தி வேறில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து 2019இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் வெளியிட்ட ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இக்கரையின் முஸ்லிம் வாழ்வைத் தமிழுலகுக்கு அறிமுகம் செய்தது. அவர்தம் புனைவுலகில் கடலுக்கு உள்ள இடத்தை ஆய்வாளர் பலர் எடுத்துரைத்துள்ளனர். ஊருக்குப் பின்புறம் ஓடிய நீரைப் பற்றியோ நம் வரலாற்றாசிரியர்கள் அதிகம் எழுதியதில்லை. கடல்வழி நினைவில் நிற்க, கால்வழியும் கால்வாய்வழியும் மறக்கப்பட்டன.

மறைந்த வழியைத் தேடுவது எவ்வாறு? ஏடும் காலும் இரண்டும் வேண்டும். வார்டு, கான்னர் என்னும் இரு ஆங்கிலேய அளவையாளர்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். அவ்வளவை கால்வாய்க்கு 40 ஆண்டுகள் முற்பட்டது. பிற்கால வருவாய் அளவைகளை அதனோடு ஒப்பிட்டால் எது இயற்கைக் காயல், எது மனிதன் வெட்டிய வாய்க்கால் எனப் பிரித்தறிய இயலும். ஆனால் அளவைப் படங்களினும் நமக்குப் பெரிதும் உதவக்கூடியவை வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் ஆதாரங்களே. குமரி மாவட்டத்தில் கிரயப் பத்திரத்தை ஆதாரம் என்பர். நிலத்துக்கு நான்கெல்லை சொல்லுமிடத்தில் ஓரெல்லை கால்வாய்ப் புறம்போக்கு என்றிருந்தால், அங்கு இன்று வீடே நின்றாலும், முன்னர் நீர் நின்றது என்று பொருள்.

நிலத்தில் தேடுவோர்க்கு அடையாளங்கள் வேறு. இரையுமன்துறையிலிருந்து மேற்கு நோக்கி நாம் நடந்தபோது முதலில் கண்ணில் பட்டது நீரன்று. நேர்கோட்டில் நின்ற தென்னைகள். இயற்கை ஓடை வளைந்து செல்லும். வெட்டிய வாய்க்காலின் கரை நேராகச் செல்லும். நட்ட தென்னையும் அக்கரையைப் பின்பற்றும். தென்னைக்குக் கீழே தாழை. குமரியில் கைதை என்பார்கள். கரை அரியாமல் இருக்க வேலியாக வளர்ந்த அதுவே பராமரிப்பு நின்றபின் வழியை மறித்துக்கொண்டது. முள்ளை விலக்கி உள்ளே நுழைந்தால் பசுமையான புல்வெளி போன்ற ஒரு பரப்பு. கால் வைத்தால் முழங்கால்வரை சேறு. ஆகாயத்தாமரை காய்ந்து படிந்து, அதன்மேல் கோரை முளைத்து, நிலம் போலவே தோற்றம் தரும் நீர் அது. இவ்வாறான இடங்களில் கால்வாய் எங்கே என்று கேட்டால் இளைஞர்கள் கைவிரிப்பர். கடவு எங்கே என்று கேட்கவேண்டும். தோணி ஒதுங்கிய துறைக்குக் கடவு என்று பெயர். துறை அழிந்த பின்னும் பெயர் அழிவதில்லை.

கால்வாய் தூர்ந்ததற்கு ஒரே காரணத்தைச் சுட்டுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கதம்பை ஊறவைத்தலைப் பலர் குறைகூறுவர். தேங்காய் மட்டையைக் கயிறாக்க வேண்டுமானால் அதனை ஆறு முதல் பத்து மாதம்வரை உவர்நீரில் அமிழ்த்தி அழுகவிடவேண்டும். நீர் கறுக்கும், நாறும், மீன் சாகும். இது மெய்யே. ஆயினும் கதம்பைத் தொழிலாளிக்கு நீர் ஏறி இறங்குதல் இன்றியமையாதது. வள்ளம் வந்து போதலும் இன்றியமையாதது. கால்வாயைக் கெடுத்தவனும் அவனே, அதனைத் திறந்து வைத்திருந்தவனும் அவனே. அவன் சென்றபின் நீர் தெளியவில்லை, மூடிக்கொண்டது.

சாலையே உண்மையான மாற்றம். 1938இல் திருவிதாங்கூர் அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழ் மக்களின் நெடுநாள் போராட்டத்தின் நியாயமான பயன் அது. அதே நாளில் பூவாறு ஒரு மாநிலத்திலும் தேங்காய்ப்பட்டணம் மற்றொரு மாநிலத்திலும் ஆயின. ஒரு தலைநகரை நோக்கி வெட்டப்பட்ட கால்வாய்க்கு அத்தலைநகர் அயலாயிற்று. 1979இல் திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி இருப்புப்பாதை வந்தபோது நீர்வழியை நம்பியிருந்தோர் எவரும் எஞ்சவில்லை.

பிறகு களையின் காலம். ஆகாயத்தாமரை தென்னமெரிக்கச் செடி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. ஏற்ற சூழலில் இரண்டு வாரத்தில் இருமடங்காகும். வங்காளத்து ஆறுகளில் படகு செல்ல முடியாத நிலை ஏற்பட்டதால் 1936இல் அதனை ஒழிக்கவென்றே சட்டம் இயற்றினர். 1937இல் ஆட்சியேற்ற ஏ.கே. ஃபஸ்லுல் ஹக் அமைச்சரவை ஊர்மக்களைத் திரட்டி அதனை அகற்றும் இயக்கத்தை நடத்தியது. அங்கே ஒரு பயன் விளைந்ததென்றால் அதற்குக் காரணம் ஆற்றை நம்பி வாழ்ந்த குடியானவர் தாமே நீரில் இறங்கியதுதான். நம் கால்வாயிலோ இறங்குவதற்கு எவருக்கும் காரணமில்லை.

இங்கேதான் நாஞ்சில்நாட்டோடு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. அங்குள்ள குளங்களும் கால்களும் நூற்றாண்டுகளாக நிலைத்தன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது அவை பறவைகளுக்காகப் போற்றப்பட்டன. ஆனால் அவற்றைக் காத்தது பாசனம். குளத்துக்கு ஆயக்கட்டு உண்டு. நீர் வராவிடில் வயல் காயும். வயல் காய்ந்தால் உடையவன் மண்வெட்டி எடுப்பான். கால்வாய்க்கு ஆயக்கட்டு இல்லை. அது எவர் வயலுக்கும் பாய்வதில்லை. கடப்போர் அனைவருக்கும் பொது. ஆகவே ஒருவருக்கும் சொந்தமில்லை.

பொது நீரைத் தூர்வாருவது யார் கடன் என்னும் வினாவை நம் ஃபிக்ஹு அறிஞர்கள் மிக நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானியின் ‘ஹிதாயா’ இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்குகிறது. ஃபுராத் போன்ற எவர்க்கும் உடைமையாகாத பேராறுகளைத் தூர்வாரும் செலவு பைத்துல்மாலைச் சாரும். பலர்க்கு உரிமையான கால்வாயின் செலவு உரியவர்களைச் சாரும். அதிலும் ஒரு கருத்து வேறுபாடு. தலைப்பிலிருந்து தூர்வாரிக்கொண்டு வருகையில் ஒருவரது நிலத்தைத் தாண்டியதும் அவர் கடன் தீர்ந்தது என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. இல்லை, கடைமடைவரை அனைவரும் பங்கேற்கவேண்டும் என்பது அவர்தம் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது ஆகியோர் கருத்து. மேல்மடைக்காரனும் தன் மிகைநீரை வடிக்கக் கடைமடையையே நம்பியிருக்கிறான் என்பது அவர்கள் வாதம். ஒருமுறையேனும் மழைக்காலத்தில் விளவங்கோட்டுத் தாழ்நிலத்தைக் கண்டவர்க்கு இவ்வாதத்தின் வலிமை புரியும்.

அதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது ‘ஹரீம்’ பற்றிய சட்டம். கிணறுக்கும் கால்வாய்க்கும் அருகே பிறர் கைவைக்கலாகாத ஒரு பரப்பு உண்டு, அதுவே ஹரீம். கால்வாய்க்கு அது எதற்கு? கரைமேல் நடந்து செல்லவும், தூர்வாரிய சேற்றைக் கொட்டவும். பிறர் நிலத்தினூடே செல்லும் கால்வாய்க்குச் சான்றின்றி ஹரீம் இல்லை என்பார் அபூஹனீஃபா. உண்டு என்பர் மாணவர் இருவரும். அதன் அகலம் ஒவ்வொரு புறமும் கால்வாயின் பாதி என்று அபூயூசுஃபும், முழு அகலம் என்று முஹம்மதும் வகுத்தனர். பின்னதே மக்களுக்கு எளிது என்கிறது ஹிதாயா. சேறு கொட்ட இடமில்லாதவன் சேறு எடுக்கமாட்டான் என்னும் எளிய உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் கால்வாயில் முதலில் மறைந்தது நீரன்று, கரையே. வேலி சிறிது நகர்ந்தது, பின்னர் தென்னை நட்டனர், பின்னர் வீடு. கரை போனபின் எந்திரம் கொண்டுவந்தாலும் நிறுத்த இடமில்லை. அள்ளிய சேறு அடுத்த மழையில் அதே குழியில் இறங்குகிறது. ஆண்டாண்டுக்குத் தூர்வாரியும் பயனில்லை என்று சலிப்போர் இதனைக் கருதவேண்டும்.

கரையில் குடியிருப்போரை வெறும் ஆக்கிரமிப்பாளர் என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. கடல் அரித்த ஊர்களில் பின்வாங்கியவர்க்கு ஒதுங்கக் கிடைத்த இடம் அதுதான். ஒருபுறம் கடல் தின்ன மறுபுறம் கால்வாய்க்கரையில் ஏறியவர்களிடம் நிலப்படத்தைக் காட்டிப் பேசுவது எளிது. மாற்றிடம் காட்டுவதே கடினம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் இக்கால்வாயின் பெயர் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. நீர்வழியாக அன்று, சாவுக்குழியாக. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஆழிப்பேரலை எழுந்தபோது மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினர். குறுக்கே கால்வாய். அலை அவர்களுக்கு முன்னரே அங்குச் சென்று நிரப்பியிருந்தது. சேறும் களையும் நிறைந்த அப்பள்ளத்தில் சிக்கி மாண்டவர் பலர். குழந்தைகளும் பெண்களும் அவர்களுள் மிகுதி. கடவுகள் இருந்த காலத்தில் எங்கே கடக்கலாம் என்பதைக் கரையோரச் சிறுவனும் அறிந்திருப்பான். வழியாக இருந்தது வழியாக இல்லாமற் போனபோது அரணாகக்கூட எஞ்சவில்லை, தடையாகவே எஞ்சியது. அன்று போதிய பாலங்கள் இருந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்று கணக்கிட எவராலும் இயலாது.

கால்வாயை மீட்கவேண்டும் என்னும் கோரிக்கை அதன்பின் வலுத்தது. இறுதியில் 2016ஆம் ஆண்டுத் தேசிய நீர்வழிச் சட்டம் இதனைத் தேசிய நீர்வழி 13 என்று அறிவித்தது. 156 ஆண்டுகளுக்கு முன் மன்னர் கண்ட கனவுக்கு நாடாளுமன்றத்தின் முத்திரை கிடைத்தது. ஆனால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நீளம் 11 கிலோமீட்டர். பூவாற்றில் தொடங்கி இரையுமன்துறையில் முடிகிறது. ஆற்றைக் கடந்து தேங்காய்ப்பட்டணம், குளச்சல், கொட்டில்பாடு வழியாக மண்டைக்காடு செல்லும் பகுதி அதில் இல்லை.